மலையாளம் பேசத் தெரியாத மலையாளி

கல்லூரியில் இடம் கிடைத்த அன்று நானும் அப்பாவும் வேலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஓட்டலில் ஆளுக்கொரு மசால் தோசை சாப்பிட்டோம். அப்பா தோசையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கெழங்க உள்ள வெச்சி மூடிட்டான் பாரு, கெட்டிக்காரன்" என்றார்.

பெண்கள் கல்லூரி. பி.எஸ்ஸி. கணிதம். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ அதுவரை ஒரு பெண்ணும் பிளஸ் டூ முடித்ததில்லை. ஆனால் எனக்கு அது பெரிய சங்கதியாகத் தோன்றவில்லை. மார்க் இருந்தது, இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். பதினேழு வயதில் எனக்கு என்மேல் இருந்த நம்பிக்கை பிறகு எந்த வயதிலும் அந்த அளவுக்கு இருந்ததில்லை.

கல்லூரி ஆபீசில் வேலை பார்த்த ஓர் அம்மா நிதானமாகத்தான் விளக்கினார். "நீ எஸ்.டி.ங்கறதால ஃபீஸ் கட்ட வேண்டாம். ஹாஸ்டல் செலவும் சர்க்கார் ஸ்காலர்ஷிப்புல போயிடும். ஆனா தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழ் வேணும். அது இல்லாம ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷனே வாங்க மாட்டோம். இந்த மாசக் கடைசிக்குள்ள கொண்டாந்து குடு."

"குடுத்துடறேன் மேடம்" என்றேன். அப்பாவும் தலையாட்டினார். ஸ்காலர்ஷிப் இல்லாமல் படிக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். நிலத்தில் விளையும் சாமையும் கேழ்வரகும் சாப்பாட்டுக்கு. புளியைச் செங்கம் சந்தையில் போட்டால் துணிமணி, உப்பு, மண்ணெண்ணெய். வேலூர் ஹாஸ்டலுக்கு அதில் இடமில்லை. இருந்தும் நாங்கள் கவலைப்படவில்லை. நாங்கள் யார் என்று எழுதித் தர ஒரு தாசில்தாருக்கு என்ன கஷ்டம் இருக்கப் போகிறது?

நாங்கள் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறினோம் என்று எங்கள் ஆட்கள் கதை சொல்வார்கள். சர்க்கார் பட்டியலில் எங்களுக்குப் பெயர் மலையாளி. மலையை ஆள்கிறவர்கள் என்ற கணக்கில் அந்தப் பெயர். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் ஆண்கள் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வது வழக்கம். கீழ்நாட்டில் இருக்கும் கவுண்டர்கள் வேறு, நாங்கள் வேறு. மலையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

தாலுகா ஆபீஸ் எந்த ஊரில் இருந்தது என்பதை எழுதப் போவதில்லை. அங்கே நாங்கள் பார்த்த கிளார்க்கின் பிள்ளைகள் இன்னமும் அந்த ஊரில் இருக்கலாம். ஒற்றையடிப் பாதையில் அடிவாரம் வரை இறங்கி, பஸ் பிடித்து, பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். ஒரு பெரிய வேப்பமரம், அதன் கீழே மனு எழுதுகிறவர்கள், உள்ளே கயிறு கட்டிய காகிதக் கட்டுகள். என் மனுவை நானே எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

கிளார்க்குக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் குங்குமம், காதில் ஒரு பேனா. மனுவை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இன்னா சாதி போட்டிருக்கற?"

"மலையாளி சார்."

"மலையாளின்னா கேரளாக்காரங்க. அவங்களுக்கு எதுக்கு எஸ்.டி.?"

"இல்ல சார், நாங்க ஜவ்வாது மலை."

"எங்க, ரெண்டு வார்த்த மலையாளம் பேசு பாக்கலாம்."

"எனக்கு மலையாளம் தெரியாது சார்."

அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "மலையாளின்றா. மலையாளம் தெரியாதுன்றா."

எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கில் ஒருவர் தப்பாக ஒரு படி எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. திருத்திக் காட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"சார், எனக்கு மலையாளம் பேச வந்தா நான் கேரளாக்காரி. அப்ப நீங்க சர்ட்டிபிகேட் குடுக்கக் கூடாது. எனக்குப் பேச வரல. அதனால நீங்க குடுக்கணும்."

பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லது செய்யவில்லை. கிளார்க்கின் முகம் மாறியது. அப்பாவின் நிலப் பட்டாவை எடுத்து விரித்து, அவருடைய பெயரின்மேல் விரலை வைத்தார்.

"இங்க கவுண்டர்னு கீது. கவுண்டருங்க எஸ்.டி. கெடையாது. ஒரு பேப்பர்ல மலையாளி, ஒரு பேப்பர்ல கவுண்டர். நான் எதுன்னு எழுதறது? ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மலைக்கு வந்து விசாரிச்சி ரிப்போர்ட் குடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"ஆர்.ஐ. எப்ப சார் வருவாரு?"

"வருவாரு."

அப்பா வெளியே வரும்போது வாசலில் நின்று திரும்பி, "சார், கவுண்டர்னு எங்க ஆளுங்க சொல்லிக்கறது. மலையாளின்னு கவுருமெண்டு சொல்றது. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். நீங்கதான் ரெண்டாப் பிரிக்கறீங்க" என்றார். கிளார்க் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் அப்பா ஒரு ஆபீசில் அத்தனை நீளமாகப் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

ஆர்.ஐ. வரவில்லை. தினமும் காலையில் எங்கள் ஊர் ஏற்றத்தில் யாராவது வெள்ளைச் சட்டை தெரிகிறதா என்று பார்ப்போம். ஒரு தடவை தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், காவலூர்ப் பக்கம் போக வேண்டிய ஆள் வழி தவறி வந்திருந்தார். அவருக்கு மோர் கொடுத்து வழி காட்டி அனுப்பினோம். இன்னொரு தடவை அப்பா மட்டும் இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஜமாபந்தி வேலை நடக்கிறது, யாரும் மலை ஏற மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அப்பா சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அம்மாவோ அடுப்பில் களி கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஜமாபந்தின்னா இன்னாமே?"

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் தாலுகா ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து எல்லா ஊர்க் கணக்கையும் பார்ப்பார், ஜனங்கள் நேரில் மனு கொடுக்கலாம் என்று சொன்னேன்.

"அவரு இந்த கிளார்க்க வுட பெரியவரா?"

"தாசில்தார வுட பெரியவரு."

"அப்ப இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்னு கீறீங்க? அங்கயே போங்க."

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே புது மனு எழுதினேன். இந்தத் தடவை கேரளம், கவுண்டர் இரண்டையும் மனுவிலேயே எழுதி, இரண்டுக்கும் பதிலையும் எழுதிவிட்டேன். கேள்வி கேட்பவர் கேட்பதற்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து ஊர்கள் அடங்கிய பிர்க்காவுக்கு ஒதுக்கிய நாளில் தாலுகா ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சாமியானா பந்தல், வாடகை நாற்காலி, வரிசையில் நிற்கும் ஜனம். பட்டா மாற்றம் கேட்டு வந்தவர்கள், வாய்க்கால் தகராறு, முதியோர் பென்ஷன். மேடையில் நடுநாயகமாக சப் கலெக்டர். இளைஞர், அதிகம் போனால் முப்பது வயது இருக்கும். பக்கத்தில் தாசில்தார். பின்னால் கையில் காகிதக் கட்டோடு நம்முடைய கிளார்க்.

என் முறை வந்தது. மனுவைக் கொடுத்தேன். சப் கலெக்டர் முதல் வரியைப் படித்ததுமே புருவத்தை உயர்த்தினார். கிளார்க் குனிந்து, "சார், இது மலையாளின்னு சொல்லி எஸ்.டி. கேக்கற கேஸ்" என்றார்.

சப் கலெக்டர் என்னைப் பார்த்துச் சடசடவென்று என்னவோ கேட்டார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நடுவில் 'வீடு' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"வூடு மலை மேல கீதுங்க சார்."

அவர் மறுபடியும் அதே பாஷையில் வேறு ஏதோ கேட்டார். இப்போது வீடும் இல்லை. "சார், தமிழ்ல கேட்டீங்கன்னா எல்லாத்துக்கும் பதில் சொல்வேன்" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பந்தலில் இருந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமலேயே சிரித்தார்கள். அவர் தாசில்தார் பக்கம் திரும்பி, கேரளத்து வாடை வீசும் தமிழில் சொன்னார்.

"தாசில்தார் சார், மலையாளி நான். நான் கேட்டது ஒண்ணும் இந்தக் குட்டிக்கு மனசிலாகலை. அப்போ இவங்க எங்க ஊர் மலையாளி இல்லை, அது உறப்பு, நிச்சயம். பட்டியல்ல இருக்கிற மலையாளிதானா? அத நீங்க போய்ப் பார்த்துச் சொல்லணும்."

"ஆர்.ஐ.ய அனுப்பறேன் சார்."

"வேண்டாம். நீங்களே போகணும். இந்த ஆழ்ச்ச... இந்த வாரம்."

கிளார்க் தன் காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். சப் கலெக்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"எந்தப் படிப்பு?"

"மேத்ஸ் சார்."

"மனு எழுதினது ஆரு?"

"நான்தான் சார்."

"நல்ல மனு" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அப்பா வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எதிரில் வந்தவர்களிடம் எல்லாம், "நல்ல மனுன்னு சொல்லிட்டாரு" என்றார். எந்த மனு, யார் சொன்னது என்று கேட்டவர்களுக்கு முழுக் கதையும் கிடைத்தது. மலையில் கால் வைத்தபோது அந்தக் கதையில் சப் கலெக்டர் எழுந்து நின்று கை கொடுத்திருந்தார்.

சப் கலெக்டர் சொன்ன வாரத்திலேயே தாசில்தார் வந்தார். ஜீப் வருகிற அளவு பாதை எங்கள் ஊருக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தார்கள், தாசில்தாரும் கிளார்க்கும். கிளார்க்கின் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க் கவுண்டர், அதாவது ஊருக்குத் தலைவர், கட்டில் போட்டு உட்கார வைத்தார். பலாப் பழம் அறுத்துச் சுளைகளைத் தட்டில் வைத்தோம். தாசில்தார் ஐந்தாறு சுளை சாப்பிட்ட பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.

விசாரணை எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. ஊரே கூடிவிட்டது. குலதெய்வம் எது, திருவிழா எப்போது, இறந்தவர்களை என்ன செய்வீர்கள், கல்யாணத்தில் யார் யாருக்குப் பரியம் தருவார்கள் என்று வரிசையாகக் கேட்டார். ஊர்க் கவுண்டர் பதில் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதினார். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் தர வேண்டும் என்றதும், தாசில்தார் நிமிர்ந்து, "அது நல்ல பழக்கமா இருக்குதே" என்றார். அவருக்கு எத்தனை பெண் பிள்ளைகளோ.

அப்போது கிளார்க், "சார், அந்த கவுண்டர் விஷயம்" என்று ஞாபகப்படுத்தினார்.

"ஆமா" என்றார் தாசில்தார். "பட்டாவுல கவுண்டர்னு இருக்குதே. நீங்க கீழ இருக்கற கவுண்டருங்க வூட்ல பொண்ணு எடுக்கறது உண்டா? குடுக்கறது உண்டா?"

ஊர்க் கவுண்டர் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற அம்மா முன்னால் வந்தாள்.

"நாங்க கேட்டா அவங்க குடுப்பாங்களா சார்? நீங்க கீழதான் கீறீங்க. எங்களுக்காக ஒரு வூட்ல கேட்டுச் சொல்லுங்க. குடுக்கறன்னு ஒருத்தர் சொன்னா, சர்ட்டிபிகேட்டே வேணாம், எம் பொண்ண நான் வூட்லயே வெச்சிக்கறேன்."

தாசில்தார் அம்மாவைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பிறகு கிளார்க்கிடம் சொன்னார்.

"அத அப்படியே எழுது. சம்பந்தம் கெடையாதுன்னு."

அத்தோடு விசாரணை முடிந்தது. சான்றிதழ் தருவதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். நான் கும்பிட்டேன். அப்பாவும் கும்பிட்டார். அம்மா மட்டும் வழியை விட்டு நகரவில்லை.

"சார், இவ ஒருத்திக்காக இவ்ளோ தூரம் ஏறி வந்தீங்க. ஸ்கூல் போற புள்ளைங்க இன்னும் நெறைய கீது ஊர்ல. அதுங்களும் நாளைக்கு பெரிய படிப்புக்குப் போவும். மறுபடி மறுபடி உங்கள ஏற வைக்கறது பாவம் இல்லீங்களா?"

"அதுக்கு ஒவ்வொருத்தரும் தனித்தனியா மனு போடணும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "எழுதுமே."

வீட்டுக்குள் ஓடிப் போய் என் பிளஸ் டூ கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். பின்பக்கம் காலியாக இருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அப்பாவோ அம்மாவோ பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வகுப்பு எது, பெயர் என்ன, பிறந்த வருஷம் எது என்று கேட்டு எழுதினேன். பிறந்த வருஷம் பலருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே போடச் சொன்னார் தாசில்தார். எனக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க், காதிலிருந்த பேனாவை எடுத்தார்.

"பாதிய இங்க தள்ளு."

அவர் எழுத்து முத்து முத்தாக இருந்தது. என்னைவிட வேகமாகவும் எழுதினார். கைநாட்டு வைக்கிறவர்களுக்குத் தன் பையிலிருந்த ஸ்டாம்ப் பேடை எடுத்து நீட்டினார். ஒரு கிழவர் விரலை மையில் தோய்த்துவிட்டு எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றபோது, கிழவரின் கையைப் பிடித்து வைத்துவிட்டதும் கிளார்க்தான். வேலை முடிந்து எழுந்தபோது அவர் என்னிடம், "இனிமே மலையாளின்னு எவன் மனு போட்டாலும் எனக்கு இந்தச் செருப்பு ஞாபகம்தான் வரும்" என்றார். அப்பா அதற்குள் சணல் கயிறும் கோணி ஊசியும் வைத்து அந்த வாரைத் தைத்திருந்தார். போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார் கிளார்க்.

என் சான்றிதழ் நான்காம் நாள் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுடையது வர இரண்டு மாதம் ஆயிற்று, ஆனால் வந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மாதக் கடைசிக்குள் நான் வேலூர் போய், கல்லூரி ஆபீஸ் அம்மாவிடம் சான்றிதழைக் கொடுத்து, ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனை அங்கேயே பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டேன். அவர் சாதி என்ற இடத்தைப் பார்த்து, "மலையாளியா? பேசுவியா?" என்று கேட்டார்.

"தமிழ் நல்லா பேசுவேன் மேடம்" என்றேன்.

ஸ்காலர்ஷிப் எப்போதும் தாமதமாகத்தான் வந்தது. ஜூலையில் சேர்ந்தால் முதல் தவணை தை மாசம். அதுவரை ஹாஸ்டல் வார்டன் எங்களை எப்போதாவது கூப்பிட்டு ஹாஸ்டல் பணம் கேட்பார். நாலைந்து பெண்கள் இப்படி ஸ்காலர்ஷிப்பை நம்பி இருந்தோம். கேட்கும்போதெல்லாம் மற்றவர்கள் அழுதுவிடுவார்கள். நான் அழமாட்டேன். அப்ளிகேஷன் கொடுத்ததற்கான ரசீது என்னிடம் இருந்தது. "சர்க்கார் தரேன்னு எழுதியிருக்காங்க மேடம், தருவாங்க" என்று சொல்வேன். ஒருநாள் அவருக்கே சலித்துப்போய், "நீயே எல்லாருக்கும் சேத்து ஒரு மனு எழுதேன்" என்றார். எழுதினேன். மாவட்ட ஆபீசுக்கு நாங்கள் எல்லோரும் போய்க் கொடுத்தோம். அடுத்த மாதமே பணம் தரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எங்கள் மனுவால் வந்ததா, வர வேண்டிய நேரத்தில் வந்ததா தெரியாது. ஹாஸ்டலில் எல்லோரும் மனுவால் வந்தது என்றே சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

மூன்று வருஷமும் அந்த உதவித்தொகையில்தான் படித்தேன். பிறகு தேர்வு எழுதி சர்க்கார் வேலைக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து எனக்குப் பின்னால் கல்லூரிக்குப் போன பிள்ளைகளில் பலர், அன்றைக்கு வாசலில் வரிசையில் நின்றவர்கள். அவர்களில் ஒருத்தி இன்று டாக்டர்.

முதல் வருஷம் பொங்கல் கழிந்து அம்மா என்னைப் பார்க்க வேலூர் வந்தாள். அவள் பஸ் ஏறியதே அதுதான் இரண்டாவதோ மூன்றாவதோ தடவை. ஹாஸ்டலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். சமையல்கட்டுக்குள் போய்ச் சமையல்கார அம்மாவிடம், சோறு குழைந்துவிட்டது, ஒரு கொதி முன்னாலேயே வடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். இரவு என் கட்டிலில் நான் படுக்க, கீழே பாய் விரித்து அவள் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். காலையில் பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. படிச்சிட்டு வா" என்றாள்.

பஸ் கிளம்பியது. எனக்கு ஒன்பது மணிக்கு அல்ஜீப்ரா வகுப்பு இருந்தது. நான் வேகமாக நடந்தேன்.